நாலு எழுத்துக் குமிழ்

வேப்பம்பட்டு
11-12-1969

அக்கா,

நலம் விசாரித்து எழுதுகிற நிலைமையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி உங்கள் குப்பத்துக்கு எதிரே ஏரிச் சேற்றில் விழுந்த சின்ன ஏரோப்ளேன் எங்கள் கம்பெனியுடையது. வயலுக்குப் பூச்சிமருந்து தெளிக்கிற எங்கள் கம்பெனிக்கு இருந்தது அது ஒன்றுதான். அதன் இன்ஜினைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியவன் நான். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் பதிமூன்று நாளாக ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓட்டிப்போன பைலட் வீரராகவன் முதுகெலும்பு உடைந்து பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். படுத்தபடியே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார், தான் சூட்டுக் குமிழை இழுத்ததாகவும் அப்படியும் இன்ஜின் நின்றுபோனதாகவும்.

அது என்ன சூடு என்று சொல்கிறேன், கவனமாகப் படி. மழைக்காலத்து ஈரக் காற்றில் இன்ஜினை மெதுவாக ஓட்டினால், பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டரின் தொண்டையில் ஐஸ் பிடிக்கும். நம் ஊர் வெயிலிலும் பிடிக்கும், நம்பமாட்டாய். அப்போது ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் குமிழை இழுத்தால், ஒரு கம்பி வழியாக ஒரு கதவு திறந்து சூடான காற்று உள்ளே போய் ஐஸ் உருகிவிடும். வீரராகவன் இழுக்காமல் விட்டிருந்தால் குற்றம் அவருடையது. இழுத்தும் சூடு போகவில்லை என்றால், கம்பியை வேறு எங்கோ மாட்டியிருக்கிறேன், குற்றம் என்னுடையது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரிக்கிறார். நான் சரியாகத்தான் மாட்டினேன். அதை நிரூபிக்க ஒரு தகரப் பெட்டி வேண்டும்.

மூக்குப் பக்கம் பிளந்து கிடந்த இன்ஜினை லாரியில் ஏற்றி வந்தபோது அதைச் சுற்றியிருந்த உருப்படிகளில் பாதி இல்லை. எங்கே போயின என்று எனக்குத் தெரியும். உங்கள் குப்பத்தில் ஆணி கிடந்தாலும் விடமாட்டார்கள்.

கறுப்பு ரப்பர் போட்ட தடித்த கம்பிகள் எனக்கு வேண்டாம். பித்தளை மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். இன்ஜின் மூடி வேண்டவே வேண்டாம். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே கதவு மாதிரி ஒரு தகடு ஆடும். பக்கவாட்டில் சின்னக் கை, அதில் ஒரு கம்பி. இதே சாயலில் இன்னொரு பெட்டியும் உண்டு, அது ஓட்டுகிறவர் காலுக்குச் சூடு விடுவது, குளிர்ப் பிரதேசத்துச் சௌகரியம், நமக்கு அதனால் ஒன்றுமில்லை. எனக்கு வேண்டிய பெட்டி கார்புரேட்டரோடு சேர்த்துத் திருகியிருக்கும். கையில் எடுத்தால் கனக்கும், பெட்ரோல் நாற்றம் அடிக்கும்.

தேடி எடுத்து வை. ஒருவரிடமும் கொடுக்காதே.

வரதன்


சேத்துக்குப்பம்
17-12-1969

வரதா,

உன் கடிதம் வந்தது. நீ நலம் விசாரிக்காததே நல்லது. விசாரித்திருந்தால் பதில் எழுதவேண்டியிருக்கும்.

உன் கடிதத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஜீப் வந்துவிட்டது. உன் மாமாவையும் குப்பனையும் மாரியப்பனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றுவதற்கு முன்னால் சப்-இன்ஸ்பெக்டர் ஊர் நடுவில் நின்று ஒரு காகிதத்தை வாசித்தார். மெக்கானிக் வரதன் கொடுத்த வாக்குமூலப்படி, காணாமல் போன உருப்படிகளை அந்தக் குப்பத்து ஆட்கள்தான் எடுத்திருக்கவேண்டும் என்று. உன் மாமா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: “எந்த வரதன் சார்? எம் மச்சானா?” அதற்குத்தான் முதல் அறை விழுந்தது. மூன்றாம் நாள் விட்டார்கள். இன்றைக்கு வரைக்கும் அவருக்கு இடது காது கேட்கவில்லை. பேசினால் முகத்தைத் திருப்பி வலது பக்கம் காட்டுகிறார். கேஸ் வேறு போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லையே. காலை ஒன்பது மணி இருக்கும், தூறிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் வந்து விழுந்தது. இடுப்பளவு சேற்றில் உன் மாமாவும் குப்பனும் இறங்கிப் போய் அந்தப் பிள்ளையைக் ஓட்டும் இடத்துக் கண்ணாடியை உடைத்து வெளியே எடுத்தார்கள். முதுகு அசையக்கூடாது என்று உன் மாமாவுக்கு எப்படித் தோன்றியதோ, ஒரு பலகையில் கிடத்திப் படகில் வைத்தார்கள். என் புடவையைக் கிழித்துத்தான் கட்டினோம். கரை சேர்ந்து மாட்டு வண்டி பிடித்துப் புதுவாயல் போய், அங்கே லாரியை மறித்து ஏற்றிவிட்டோம். உன் கம்பெனிக்காரர்கள் வந்தபோது நேரம் மூன்றரை. அவர்கள் முதலில் கேட்டது இன்ஜின் எங்கே என்று.

நாங்கள் ஆணி கிடந்தாலும் விடமாட்டோம் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், விடமாட்டோம். நீ ஐ.டி.ஐ. படிக்கக் கட்டிய சம்பளம், நம்மைப் பெற்ற நைனா இந்த ஏரியில் பொறுக்கிய காசுதான். அப்போது உனக்கு நாற்றம் தெரியவில்லை.

தேடமாட்டேன். இருந்தாலும் தரமாட்டேன். நீயே ஜீப்பில் வந்து எடுத்துக்கொள்.

கன்னியம்மா


வேப்பம்பட்டு
22-12-1969

அக்கா,

மாமாவுக்கு நடந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. காது விஷயத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. டாக்டரிடம் காட்டினீர்களா என்று எழுது.

ஆனால் நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். மேனேஜர் கேட்டார், உருப்படிகள் எங்கே போயிருக்கும் என்று. ஊரார் எடுத்திருக்கலாம் என்றேன். அதில் பொய் என்ன இருக்கிறது? முத்தம்மா இன்ஜின் மூடியில் இறால் காயவைத்திருப்பதைக் கம்பெனி டிரைவரே பார்த்துவிட்டு வந்து ஷெட்டில் சொல்லிச் சிரித்தான். சிரித்தது யாரைப் பார்த்து என்று நினைக்கிறாய்? என்னைப் பார்த்து. பத்து வருடமாக அங்கே என் பெயர் வரதன் இல்லை, மீன்காரன். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்துவார்கள். கார்புரேட்டர் என்று இங்கிலீஷில் எழுதத் தெரியாமல் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதியதற்கு, மேனேஜர் அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டி ஆறு மாதம் வைத்திருந்தார். அன்றையிலிருந்து ஷெட்டில் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். யாராவது கேட்டால், என் பாஷை எனக்குப் போதும் என்பேன். அப்படி ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துத்தான் லைசென்ஸ் வாங்கினேன். இந்த ஜில்லாவில் நம் ஜனத்தில் அந்த லைசென்ஸ் வைத்திருப்பவன் நான் ஒருவன். அது போய்விட்டால் நான் யார்? நீயே சொல்.

நீ பெட்டியைப் பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. தேடமாட்டேன் என்று எழுதியவள் ‘இருந்தாலும்’ என்று ஏன் எழுதினாய்?

போலீஸ் வராது, கம்பெனி வராது. எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். பெட்டியிலிருந்து கிளம்புகிற கம்பியின் மறு நுனியில் கறுப்புக் குமிழ் இருந்தால், அதன் முகத்தில் வெள்ளையாக இங்கிலீஷில் இரண்டு வார்த்தை எழுதியிருக்கும். உனக்கு இங்கிலீஷ் வராது. பரவாயில்லை. எழுத்தை எண்ணு. முதல் வார்த்தையில் நாலு எழுத்து, இரண்டாவதில் நாலு எழுத்து. அவ்வளவுதான். நாலும் நாலும் இருந்தால் நான் பிழைத்தேன், அந்த வீரராகவன் பொய்யன்.

எண்ணிவிட்டு ஒரு கார்டு போடு. என்மேல் உள்ள கோபத்தை அப்புறம் தீர்த்துக்கொள்.

வரதன்


சேத்துக்குப்பம்
5-1-1970

வரதா,

டாக்டரிடம் காட்டினோம். சவ்வு கிழிந்துவிட்டதாம். இனி வராதாம்.

உனக்காகச் செய்யவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸிலிருந்து மூன்று ஆண்களையும் மீட்கவேண்டுமென்றால் சாமானையெல்லாம் ஒப்படைத்துவிடுவதுதான் வழி என்று பஞ்சாயத்தில் பேசினார்கள். யார் கொடுத்தது என்று கேட்கக்கூடாது என்ற பேச்சில் வீட்டுக்கு வீடு நான்தான் போய் வாங்கினேன். நான் மெக்கானிக்கின் அக்கா என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்கு என்ன தெரியும், நீ எழுதினதுதான் தெரியும்.

முத்தம்மாவின் இறால் மூடி வந்துவிட்டது. தடித்த ரப்பர் கம்பி எட்டில் ஆறு, குப்பன் வலைக்கு முடிச்சுப் போட்டிருந்தான், அவிழ்த்துத் தந்தான். கண்ணாடிக் கிண்ணத்தில் செங்கம்மாள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அஞ்சம்மாள் ஒரு கனமான உருண்டை கொடுத்தாள், கீழே விழுந்த தையல் ஊசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்கிறதாம். அவளுக்குத் தர மனசே இல்லை. “இத்த மட்டும் வுட்டுட்டுப் போயேன், எம் கண்ணுக்கு ஊசி தெரியமாட்டேங்குது,” என்றாள். ஒரு பெரிய தகரம், வளைத்து வளைத்துக் காற்றைத் திருப்புகிற மாதிரி, கோவிந்தம்மா கோழிக்கூண்டுக்குக் கதவு வைத்திருந்தாள். மொத்தம் முப்பத்தொரு உருப்படி. பாயில் பரப்பி வைத்துப் பார்த்தேன். இத்தனையும் ஒரு மூக்குக்குள்ளா இருந்தது?

நீ கேட்ட பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. முதல் நாளே உன் மாமா கொண்டுவந்தார். அந்தப் பிள்ளையைத் தூக்கும்போது காலில் கம்பி சுற்றியிருந்ததாம், அதை இழுத்ததும் பெட்டியும் கூடவே வந்துவிட்டதாம். கனமான சாமான் ஒன்று அதோடு திருகியிருக்கிறது, பெட்ரோல் நாற்றம் இன்னும் போகவில்லை. கம்பி இரண்டு முழம். நுனியில் கறுப்புக் குமிழ்.

எண்ணினேன். முதல் வார்த்தையில் ஐந்து எழுத்து. இரண்டாவதில் நாலு.

சாம்பல் போட்டுத் தேய்த்துத் திரும்ப எண்ணினேன். பள்ளிக்கூடத்து டீச்சரிடம் காட்டலாம் என்று போய், பாதி வழியில் திரும்பிவிட்டேன். மூன்று தடவை எண்ணினாலும் ஐந்துதான்.

இன்னொன்று. பெட்டிப் பக்கத்துக் கம்பியில் ஒரு தகரச் சீட்டுக் கட்டியிருக்கிறது. ஆணியால் கீறி எழுதியது. ‘கா. சூடு’. உன் கையெழுத்து வரதா. துணைக்காலுக்குக் கீழே கொக்கி போடுவாயே, நைனா அதற்காகவே உன்னை அடிப்பார்.

ஐந்து என்றால் என்ன?

கன்னியம்மா


வேப்பம்பட்டு
9-1-1970

அக்கா,

தப்பாக எண்ணியிருக்கிறாய். சேறு ஒட்டியிருக்கும், கீறல் விழுந்திருக்கும். நாலுதான். நான் மாட்டினது எனக்குத் தெரியாதா? இங்கிலீஷ் எழுத்தறிவில்லாத பொம்பளையை நம்பி நான் கேட்டேனே, என்னைச் சொல்லவேண்டும். திரும்ப எண்ணு. வெளிச்சத்தில் வைத்து எண்ணு.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். கிழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், என் யோக்கியதை உனக்குத் தெரியட்டும். நீ சரியாகத்தான் எண்ணியிருப்பாய்.

கார்புரேட்டரைக் குமிழில் இங்கிலீஷில் நாலு எழுத்தாகச் சுருக்கியிருப்பார்கள். ஐந்து எழுத்து என்றால் காபின். ஓட்டுகிறவர் உட்காருகிற அறை. காலுக்குச் சூடு விடுகிற பெட்டிக்குப் போகவேண்டிய கம்பி அது. இன்ஜினைக் கழற்றும்போது இரண்டு கம்பிகளிலும் சீட்டுக் கட்டினேன். கார்புரேட்டர் கம்பிக்கு ‘கா. சூடு’. காபின் கம்பிக்கும் ‘கா. சூடு’. முழுசாக எழுதச் சோம்பல். எழுதும்போது எனக்குக் குழப்பமே இல்லை, எது எது என்று மனசில் இருந்தது. பதினாறு நாள் கழித்து மாட்டும்போது இரண்டு சீட்டும் ஒன்றாக இருந்தன. பார்த்தேன், கா என்றிருந்தது, மாட்டினேன். இங்கிலீஷில் எழுதியிருந்தால், அது எவ்வளவு தப்பான இங்கிலீஷாக இருந்தாலும், ஐந்தும் நாலும் வேறு வேறாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஓட்டுகிறவர் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் அந்தக் குமிழை இழுத்துப் பார்க்கவேண்டும். இழுத்தால் இன்ஜின் வேகம் காட்டுகிற முள் கொஞ்சம் இறங்கவேண்டும். இறங்கவில்லை என்றால் கம்பி சரியில்லை என்று அர்த்தம், திரும்பி வந்துவிடவேண்டும். அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பறந்திருக்கவே மாட்டார். நானும் சோதனை ஓட்டத்தில் இழுத்தேன், முள்ளைப் பார்க்கவில்லை. ஐந்து நாற்பது ரயிலைப் பிடிக்க அவசரம், கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் பார்க்கவில்லை. அப்படியிருக்க நான் மட்டும் ஏன் சாகவேண்டும்? அவர் ஐயர் வீட்டுப் பிள்ளை, திருவள்ளூரில் சொந்த வீடு, நாளைக்கே ஒரு ஆபீசில் உட்கார வைத்துவிடுவார்கள். என்னை யார் உட்கார வைப்பார்கள்?

அந்தப் பெட்டியைக் கம்பியோடு ஏரியில் போட்டுவிடு. ஆழமான இடத்தில் போடு. மற்ற முப்பதையும் ஒப்படையுங்கள், அதுவே கேஸுக்குப் போதும்.

மாமாவிடம் சொல்லாதே.

வரதன்


சேத்துக்குப்பம்
16-1-1970

வரதா,

பொங்கல் அன்றைக்கு உன் கடிதம் கையில் இருந்தது. பானை பொங்கினதா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

மாமாவிடம் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். வலது காதில் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். நீ எழுதினதை நான் கோபமாக வாசித்தேன், அவர் கோபப்படவே இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவர்தான் எனக்கு ஒன்றை ஞாபகப்படுத்தினார்.

படகில் அந்தப் பிள்ளையின் தலை என் மடியில் இருந்தது. வாயெல்லாம் சேறு, துடைக்கத் துடைக்க ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். “இழுத்தேன். நான் இழுத்தேன்கா.” கரை வருகிற வரைக்கும் இதே பேச்சு. எங்கள் காதுக்கு இழுக்கிறது என்றால் வலைதான். உன் மாமா துடுப்புப் போட்டுக்கொண்டே, “சரி கண்ணு, இழுத்துட்ட, வுடு, நாங்க பாத்துக்கறோம்,” என்றார். பயத்தில் உளறுகிறான் என்று நினைத்தோம். அவன் என்னிடம் சாட்சி சொல்லியிருக்கிறான் வரதா. முதுகு உடைந்து கிடக்கிறபோது, எங்கே போகிறோம் என்று கூடத் தெரியாதபோது, அவன் சொன்னது அது ஒன்றைத்தான். அவனைப் பொய்யன் என்று எழுதினாய் நீ.

நீ கஷ்டப்பட்டது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. சீட்டைச் சுவரில் ஒட்டியவன் கை அழுகட்டும் என்று நானும் சபித்தேன். ஆனால் அவன் ஒட்டினதற்கும் இந்தப் பிள்ளை நடக்கமுடியாமல் கிடப்பதற்கும் என்னடா சம்பந்தம்? உன்னை மிதித்தவனை விட்டுவிட்டு, அகப்பட்டவன் தலையில் ஏறுகிறாய். ஜீப்பை எங்கள்மேல் விட்டாய், இப்போது பொய்யை அவன்மேல் விடுகிறாய்.

ஏரியில் போடமாட்டேன். அது நாங்கள் சோறு தின்கிற ஏரி. நானாகக் கொண்டுபோய்க் கொடுக்கவும் மாட்டேன், கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரும் எனக்கு வேண்டாம். நீ வா. வந்து உன் கையால் எடுத்துக்கொண்டு போ. அதற்கப்புறம் நீ அதை என்ன செய்கிறாய் என்பது உன் பாடு.

எழுத்தறிவில்லாத பொம்பளை,
கன்னியம்மா


வேப்பம்பட்டு
12-2-1970

அக்கா,

பெட்டியை எடுக்க நான் அங்கே வந்தபோது நீ சோறு போட்டாய். மாமா வலது பக்கம் உட்காரச் சொன்னார். பெட்டியைக் கோணிப்பையில் கட்டிக் கொடுத்தாய், ஒப்படைத்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் நான் செய்ததை உன்னிடம் மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

பொன்னேரியிலிருந்து வந்த ரயிலிலேயே குமிழைத் திருகிக் கழற்றிவிட்டேன். சின்ன மரை, நாலு சுற்று. அதை ஜேபியில் போட்டுக்கொண்டேன். குமிழ் இல்லாவிட்டால் அந்தக் கம்பி எதனுடைய கம்பி என்று எவனாலும் சொல்லமுடியாது. பெட்டியையும் ஒப்படைத்த மாதிரி ஆயிற்று, உன்னிடம் சொன்ன வாக்கும் தப்பவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் தேதி கம்பெனி ஷெட்டில் பெரிய மேஜை போட்டு முப்பத்தொரு உருப்படியையும் பரப்பி வைத்திருந்தார்கள். டெல்லி அதிகாரி ஒரு குச்சியால் தொட்டுக்காட்ட நான் பெயர் சொல்லவேண்டும். அஞ்சம்மாளின் உருண்டையை, இன்ஜினுக்குப் பொறி தருகிற மேக்னெட்டோ என்றேன். கோழிக்கூண்டுக் கதவை, சிலிண்டருக்குக் காற்றைத் திருப்புகிற தடுப்புத் தகடு என்றேன். செங்கம்மாளின் விளக்கு, பெட்ரோல் வடிகட்டி. ஒன்றுகூடத் தவறவில்லை. வீரராகவனைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். பின்னால் அவர் அம்மா ஜானகியம்மாள். அந்த அம்மாள் மேஜையைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி வந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, மேனேஜர்தான் மொழிபெயர்த்தார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கார்புரேட்டர் சூடு என்றேன். எழுதிக்கொண்டார். அப்படியானால் கம்பி சரியாகத்தான் இருந்திருக்கிறது, பைலட் இழுக்கவில்லை என்று மேனேஜர் உடனே சொன்னார். கம்பெனிக்கு அதுதான் சௌகரியம். வீரராகவன் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா, அப்போதும் நான் சும்மாதான் இருந்தேன். உன்னிடம் பெரிய மனுஷன் வேஷம் போட விரும்பவில்லை. அந்தப் பிள்ளை கண்ணை மூடினதைப் பார்த்தும் என் வாய் திறக்கவில்லை.

அதிகாரி குமிழ் எங்கே என்று கேட்டார். மேனேஜர் சிரித்தார், அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “அந்த மீன்கார ஜனங்க விட்டு வைப்பாங்களா சார், திருகி வித்திருப்பாங்க. மூணு பேர் மேல கேஸ் இருக்கு, இதையும் சேத்துக்கலாம்,” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், ஆமாம் சொல்லு என்கிற மாதிரி. போன தடவை சொன்னேனே, அந்தப் பழக்கத்தில்.

எனக்கு வந்த கோபத்தில் ஜேபியிலிருந்து குமிழை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வைத்தேன் என்பதைவிட அடித்தேன் என்று சொல்லவேண்டும். “கழட்டினது நான். மாத்தி மாட்டினதும் நான். அவங்களை இழுக்காதீங்க,” என்றேன். தமிழில்தான் சொன்னேன். யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை, குமிழிலேயே இங்கிலீஷ் இருந்தது.

அதிகாரி வீரராகவனையும் விடவில்லை. தரையில் முள்ளைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். என்னைப்போல அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை. ஆனால் இழுத்தார் என்பது பதிவாகிவிட்டது. என் லைசென்ஸை அன்றே வாங்கிக்கொண்டார்கள். மாமாவோடு மூன்று பேர் பேரிலும் இருந்த கேஸ் வாபஸ் ஆகும் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார், நகல் இதோடு இருக்கிறது.

புதுவாயலில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ என்னைப் பாராட்டவேண்டாம். திட்டுவதென்றால் திட்டு.

வரதன்


சேத்துக்குப்பம்
20-2-1970

வரதா,

நகல் வந்தது. உன் மாமா அதை மடித்து வைத்துக்கொண்டார். நான் வைத்துக்கொள்ளவில்லை. என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், கையில் மீன் வாசனை போவதற்குள் ரயிலில் குமிழைக் கழற்றினாயே, அதை நான் இப்போதைக்கு மறக்கமாட்டேன். எங்களை ஒருத்தன் திருடன் என்றதும்தான் உனக்கு ரோஷம் வந்தது. அந்தப் பிள்ளையைப் பொய்யன் என்றபோது வரவில்லை. பாராட்டவேண்டாம் என்று நீயே எழுதிவிட்டாய், நல்லது.

நேற்று ஒரு விஷயம் நடந்தது. ஜானகியம்மாள் இங்கே வந்தார்கள். தனியாக பஸ் ஏறி, படகுத்துறை வரைக்கும் நடந்து வந்திருக்கிறார்கள். மகனை எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். உன் மாமா படகில் கூட்டிப்போய்க் காட்டினார். அந்த அம்மாள் குனிந்து தண்ணீரைத் தொட்டார்கள். திரும்பி வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, எனக்கு ஒரு புடவை கொடுத்தார்கள், நான் கிழித்ததற்குப் பதிலாக. மகன் சொல்லி அனுப்பினானாம். அவன் இனி நடக்கமாட்டான். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அப்புறம் உன் விலாசத்தைக் கேட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். “தெரியலம்மா. அந்த ஆள் மூஞ்சியில காறித் துப்பணும்னு கிளம்பினேன். வழியில, எம் புள்ள பொய் சொல்லலன்னு சொன்னவனும் அவன்தானேன்னு தோணிச்சு. ரெண்டுல எது செய்வேன்னு அங்க போனாத்தான் தெரியும்,” என்றார்கள்.

நான் யோசித்தேன். நீ என் தம்பி. கொடுத்துவிட்டேன்.

மார்ச் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, திருவள்ளூரிலிருந்து காலை வண்டியில் வருகிறார்கள். ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வராதே, அவர்களே விசாரித்து வரட்டும். அன்றைக்கு எங்கேயும் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடாதே. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் இரு.

கன்னியம்மா